பேசும் மண்டபம் யார் கையில்?

சங்கத்துக்கு எந்தக் குழு வைப்பது? வாட்ஸ்அப்பா, டெலிகிராமா, சிக்னலா, அல்லது தமிழ்ப் பெயர் சூட்டிக்கொண்டு வந்திருக்கும் அரட்டையா? மேல்பட்டாம்பாக்கம், நெல்லிக்குப்பம், பண்ருட்டிப் பக்கத்திலிருந்து நெய்வேலிக்குக் காண்டிராக்ட் வேலைக்குப் போகிறவர்களும், கரும்பு வெட்டும் தோழர்களும், சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அவர்கள் பிள்ளைகளும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்.

"இது பையன்கள் சமாசாரம், எதையாவது வைத்துக்கொள்ளட்டும்" என்று மூத்தவர்கள் சிலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நாம் அப்படி நினைக்கவில்லை. சங்கம் கட்டிய நாளில் முதல் பிரச்னையே எங்கே கூடுவது என்பதுதான். முதலாளியின் ஷெட்டில் கூடலாம் என்றோ, மேஸ்திரி வீட்டுத் திண்ணையில் கூடலாம் என்றோ எவனாவது யோசனை சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். தோப்பில் கூடினார்கள், ஏரிக்கரையில் கூடினார்கள், காசு சேர்ந்த பிறகு கீற்றுக் கொட்டகை போட்டுக் கூடினார்கள். அந்தப் புத்தி இன்று எங்கே போயிற்று?

இன்று நடப்பது என்ன? சூப்பர்வைசர் ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பிக்கிறார். யாருக்கு எந்த ஷிப்ட், எந்த இடத்தில் வேலை என்று அதில் போடுகிறார். நல்லதுதான், சௌகரியம்தான். ஆனால் ராத்திரி பத்து மணிக்கு அதே குழுவில் ஒரு தோழர், "போன மாசம் பி.எப். பிடித்தார்களே, கட்டினார்களா?" என்று கேட்டுவிடுகிறார். விடிந்தால் அவர் பெயர் எங்கே போக வேண்டுமோ அங்கே போய்ச் சேர்ந்துவிடுகிறது. இதற்கு ஒற்றன் தேவையில்லை, பூட்டு உடைக்கும் வித்தை தேவையில்லை. குழுவுக்குள்ளேயே சூப்பர்வைசர் உட்கார்ந்திருக்கிறாரே!

வாட்ஸ்அப்பில் 2016 முதல் அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் எவரும் படிக்க முடியாத பூட்டுப் போட்டிருக்கிறார்கள். அது மெய்தான். ஆனால் அந்தப் பூட்டு தெருவில் போகிறவனுக்குத்தான். உள்ளே இருப்பவன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினால் எந்தப் பூட்டும் தடுக்காது. ஆகவே எந்தக் கம்பெனியின் ஆப் என்று கேட்பதற்கு முன், யார் உள்ளே இருக்கிறார்கள், கதவுச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்க வேண்டும்.

படித்த தொழிலாளர்களின் கதை இதைவிட மோசம். மென்பொருள் கம்பெனிகளில் வேலை முழுவதும் ஸ்லாக் போன்ற அரட்டை அறைகளில் நடக்கிறது. வாடகை கொடுப்பது கம்பெனி, சாவியும் கம்பெனியிடம். ஸ்லாக் நிறுவனம் 2018இல் விதியை மாற்றியது. உயர்ந்த கட்டணம் கட்டும் முதலாளி, ஊழியருக்குத் தகவல்கூடப் போகாமல், இருவர் தனியாகப் பேசிக்கொண்ட செய்திகளையும் வாரி எடுத்துக்கொள்ள அதில் வழி உண்டு. அமெரிக்காவில் ஆப்பிள் கம்பெனி ஊழியர்கள் 2021இல், ஆணுக்கும் பெண்ணுக்கும் சம்பளத்தில் என்ன வித்தியாசம் என்று பேச ஸ்லாக்கில் ஓர் அறை திறந்தார்கள். கம்பெனி அனுமதிக்கவில்லை. வேலைக்குக் கொடுத்த கருவி, அதற்கு மட்டும்தான் என்றார்கள். நாய்க்குட்டிப் படம் போடும் அறைகள் மட்டும் எத்தனையோ இருந்தன என்று ஊழியர்கள் சுட்டிக்காட்டினார்கள்.

அதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. ஆளை வெளியே அனுப்பும் அன்றே அரட்டைக் கணக்கையும் துண்டித்துவிடுகிறார்கள். பத்து வருஷம் கூட உழைத்தவர்களின் பெயர், நம்பர், பேச்சு எல்லாம் ஒரே நிமிஷத்தில் போயிற்று. தனக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவனையும் அனுப்பிவிட்டார்களா என்று கேட்கக்கூட வழியில்லை. டி.சி.எஸ். நிறுவனம் 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப் போவதாகச் சொன்னபோது, கம்பெனிக்கு வெளியே முன்கூட்டியே தொடர்பு வைத்திருந்தவர்கள் ஒருவரையொருவர் தேடிப் பிடிக்க முடியும். மற்றவர்கள் வீட்டுக்குள் தனித்தனியாக நிற்க வேண்டியதுதான்.

சரி, வெளியே எதை வைத்துக்கொள்வது?

வாட்ஸ்அப்பைக் கண்ணை மூடிக்கொண்டு தள்ளச் சொல்ல மாட்டோம். நடவுக்குப் போகும் அம்மாவிடமும் அது இருக்கிறது. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஆனால் அது மெட்டாவின் சொத்து. நாம் என்ன பேசினோம் என்று தெரியாவிட்டாலும், யார் யாருடன், எப்போது, எத்தனை தடவை பேசினோம் என்ற கணக்கு அவர்களுக்குக் கிடைக்கிறது. பயனாளிகளின் விவரத்தைத் தன் மற்ற கம்பெனிகளுடன் பகிர்ந்துகொள்ள 2021இல் நிபந்தனை போட்டதற்காக, இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. இன்னொரு குறை, குழுவில் சேர்ந்தால் பெரும்பாலும் நம்பர் எல்லோருக்கும் தெரிந்துவிடும். பெண் தொழிலாளர்கள் சேரத் தயங்குவதற்கு இதுவே போதும். இதைச் சின்ன விஷயம் என்று நினைக்கும் ஆண் தோழர்கள் தங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பார்க்கட்டும்.

டெலிகிராமில் இரண்டு லட்சம் பேர் வரை கூடலாம், நம்பரை மறைக்கலாம். அதனால் அது ரகசியமானது என்று ஒரு பெயர் கிளம்பியிருக்கிறது. தவறு. அதில் குழுப் பேச்சுக்கு அந்த முழுப் பூட்டு கிடையாது, பேச்செல்லாம் கம்பெனியின் சர்வரில் கிடக்கிறது. அதன் தலைவர் துரோவ் 2024 ஆகஸ்டில் பிரான்சில் கைதானார். அடுத்த மாதமே, சட்டப்படி கேட்டால் நம்பரையும் இணைய முகவரியையும் அதிகாரிகளிடம் கொடுப்போம் என்று அறிவித்தார்.

அரட்டை நம் ஸோஹோ கம்பெனியின் தயாரிப்பு. 2021இல் வந்தது, 2025 செப்டம்பரில் ஊரெல்லாம் இறக்கிக்கொண்டது. தென்காசிப் பக்கத்துக் கிராமத்தில் உட்கார்ந்து இளைஞர்கள் வேலை செய்கிற கம்பெனி என்பதில் நமக்கும் பெருமைதான். ஆனால் அத்தனை பேர் ஓடிச் சேர்ந்த அந்த நாளில், எழுத்துச் செய்திக்கு அந்த முழுப் பூட்டு இல்லை. சுதேசி என்ற ஒரே காரணத்துக்காக ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிப்பார்களா?

சிக்னல் லாப நோக்கமில்லாத ஒரு ஸ்தாபனம் நடத்துவது. பூட்டு உறுதியானது. 2024 முதல் நம்பரைக் காட்டாமல் பேசலாம். 1,000 பேர் வரை சேரலாம். சிரமம் என்னவென்றால், ஒவ்வொருவரையும் உட்காரவைத்துப் போனில் ஏற்றிக் கொடுக்க வேண்டும்.

சொந்தக் கொட்டகையே போட்டுக்கொள்ளலாம் என்பவர்களும் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. உலகெங்கும் மென்பொருள் எழுதும் தொண்டர்கள், பின்லாந்தில் 1988இல் பிறந்த ஐ.ஆர்.சி. என்ற பொது முறையில் பல காலம் பேசி வந்தார்கள். ஃப்ரீநோட் என்பது அவர்களுடைய பெரிய கூடம். 2021 மே மாதம் அதன் நிர்வாகம் ஒரு தனி மனிதர் கைக்குப் போயிற்று. கூலி வாங்காமல் அதை நடத்தி வந்த தொண்டர்கள் ஒரே நாளில் வெளியேறி, லிபரா சாட் என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். ஜனங்களும் கூட்டம் கூட்டமாகப் பின்னே போனார்கள். பழைய முதலாளி நூற்றுக்கணக்கான அறைகளைப் பறிமுதல் செய்து பார்த்தார், பலிக்கவில்லை. எப்படி முடிந்தது? பேசும் முறை எவனுக்கும் சொந்தமில்லை. ஏரைத் தூக்கிக்கொண்டு அடுத்த வயலுக்குப் போக முடிந்தது. வாட்ஸ்அப்பிலிருந்து அப்படி ஏரைத் தூக்கிக்கொண்டு கிளம்ப முடியுமா?

மேட்ரிக்ஸ், ஜூலிப், மேட்டர்மோஸ்ட் என்று இன்று சொந்த சர்வரில் வைத்துக்கொள்ளக்கூடியவை இருக்கின்றன. மென்பொருள் குழுக்களுக்கு நாம் இதைத்தான் சொல்வோம். ஸ்லாக்கை இலவசமாக எடுத்துக்கொண்டால் 2022 முதல் 90 நாள் பேச்சுத்தான் கண்ணுக்குத் தெரியும், அதற்கு முந்தியதைப் பார்க்கப் பணம் கட்ட வேண்டும். தன் பேச்சைத் தானே பார்க்க வாடகையா? விழுப்புரத்தில் குனு லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டற்ற மென்பொருளைக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்றுக்கொள்ள நம் இளைஞர்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை.

ஆனால் கிணறு வெட்டினால் தூரும் வார வேண்டும். சர்வருக்கு மாதா மாதம் பணம் வேண்டும். பாஸ்வேர்ட் ஒரே பையன் பாக்கெட்டில் இருந்து, அவன் துபாய்க்கு வேலைக்குப் போய்விட்டால் எல்லாம் போயிற்று. சர்க்காரின் கையும் நீளும். மேட்ரிக்ஸில் பேச உதவும் எலிமெண்ட் உட்பட 14 ஆப்களை மத்திய சர்க்கார் 2023 மே மாதம் தடை செய்தது. ஆகவே ஐம்பது பேர் உள்ள கரும்பு வெட்டும் குழு சர்வர் வைக்க முனைவது வீண் வேலை.

நமது அபிப்பிராயம் இது. அறிவிப்புக்கு வாட்ஸ்அப் இருக்கட்டும், ஆனால் அட்மின்கள் மட்டும் எழுதும்படி வையுங்கள். நெய்வேலியில் இரண்டாவது அனல் மின் நிலையத்தில் 2020 மே 7இலும் ஜூலை 1இலும் பாய்லர் வெடித்ததை யாரும் மறக்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் இருப்பவர்களுக்கு வேண்டியது ஒரே ஒரு நம்பகமான பட்டியல், நானூறு பேர் அனுப்பும் நானூறு வதந்தி அல்ல. கமிட்டி யோசனை செய்வதற்கு சிக்னல். தீர்மானம் எழுத நோட்டுப் புத்தகம்.

அட்மின் ஆனால் ஜெயில் வரும் என்று சிலர் பயப்படுகிறார்கள். குழுவில் ஒருவர் போட்ட செய்திக்கு, அட்மினுக்கு அதில் கூட்டு நோக்கம் இல்லையென்றால் அவர் குற்றவாளி ஆக மாட்டார் என்று சென்னை ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை 2021 டிசம்பரில் சொல்லிவிட்டது.

இன்னொன்று. 2018 மே மாதம் தூத்துக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்டார்கள். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று ஜில்லாக்களிலும் இணையத்தையே நிறுத்தினார்கள். அன்று சிக்னலும் ஒன்றுதான், அரட்டையும் ஒன்றுதான். மெம்பர்களின் பெயர், தெரு, நம்பர் காகிதத்தில் எழுதி சங்க ஆபீஸ் அலமாரியில் இருக்க வேண்டும். கேட் கூட்டமும் நிற்கக் கூடாது.

அடுத்த மகாசபையில் பொருளாளரைத் தேர்ந்தெடுக்கும்போதே அட்மின்கள் மூன்று பேரையும் கையுயர்த்தித் தேர்ந்தெடுங்கள். அதில் ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். சூப்பர்வைசர் நம்பர் குழுவில் இருந்தால் அன்றே எடுத்துவிடுங்கள்.