ஜன்னலைத் திறக்கச் சொல்லும் முன்: சேலம் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ஏற்காடு வட்டாரத்தின் மஞ்சக்குட்டை ஊராட்சியை மனத்தில் வைத்து இதை எழுதுகிறோம். சேர்வராயன் மலையின் மற்ற ஊராட்சிகளுக்கும் இது பொருந்தும். ஆனால் ‘மலைக்கிராமங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் எந்தக் கோப்பிலும் ஏறாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே ஓர் ஊரின் பெயரையே சொல்லிவிடுகிறோம்.

காசநோயோ, காய்ச்சலோ, வயிற்றுப்போக்கோ, எதுவானாலும் மலைக்கு வந்து சேரும் தடுப்பு அறிவுரைகள் ஏதோ ஒரு வீட்டை நினைத்து எழுதப்பட்டவை. அந்த வீட்டில் சமையலறை தனியாக இருக்கிறது. நோயாளிக்கு ஓர் அறை ஒதுக்க முடிகிறது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. துணி காயப்போட மொட்டைமாடி இருக்கிறது. அப்படிப்பட்ட வீடுகள் ஏற்காட்டிலும் உண்டு. அவற்றில் பல வார இறுதியில் மட்டும் திறக்கப்படுபவை.

காசநோய்த் துண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். ‘ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்’ என்று அதில் இருக்கும். சரியான அறிவுரைதான். கிருமி மூடிய அறையின் காற்றில் தங்கி நிற்கும், காற்று மாறினால் கலைந்துவிடும். ஆனால் 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழி ராத்திரியில், மூடுபனி வாசல்வரை வந்து நிற்கும்போது யார் ஜன்னலைத் திறப்பார்கள்? பழைய மண்சுவர் வீடுகளில் ஜன்னல் என்பதே ஒரு கை நுழையும் அளவுதான். ஒற்றை அறை, மூலையில் அடுப்பு, அதற்கு மேலே பரண். பரணில் மழைக்காலத்துக்கான விறகும் விதைக்கு எடுத்துவைத்த கேழ்வரகும் இருக்கும். அடுப்பின் புகை அங்கே சும்மா போவதில்லை. விறகை உலர்த்துகிறது, விதையில் பூச்சி விழாமல் காக்கிறது, கூரை மூங்கிலைச் செல்லரிக்காமல் பார்த்துக்கொள்கிறது. பாட்டி முதல் பேரன்வரை அடுப்புச் சூட்டை ஒட்டித்தான் படுக்கை. இதை அறியாமை என்று அறிக்கையில் எழுதிவிடுவது சுலபம். குளிரை நன்றாக அறிந்தவர்கள் கட்டிய வீடு அது. அவர்களில் ஒருவருக்கு விடாத இருமல் பிடிக்கும்போதுதான் அந்தக் கதகதப்பே ஆபத்தாகிறது.

இதற்கு ஒரு மறுப்பு வரலாம். அதுவும் நம் மாநிலத்தின் ஆய்வு ஒன்றிலிருந்தே வரலாம். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் ஆய்வு மையம் 193 நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் படுக்கை, ஓய்வு, நல்ல சாப்பாடு. மற்றவர்கள் நெரிசலான தங்கள் வீடுகளிலேயே இருந்து மருந்து சாப்பிட்டார்கள். ஓராண்டு கழித்துப் பார்த்தால், குணமானதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. 1959இல் வெளியான இந்த முடிவு உலகமெங்கும் காசநோய் மருத்துவத்தின் போக்கையே மாற்றியது. ‘மாத்திரை ஒழுங்காகப் போனால் சரி, வீடு எப்படி இருந்தால் என்ன?’ என்று ஓர் அதிகாரி இதைக் காட்டிக் கேட்கலாம்.

அதே ஆய்வில் இன்னொரு சேதியும் இருக்கிறது. வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களின் குடும்பத்தாருக்கு, சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பத்தாரைவிட நோய் கூடுதலாக வரவில்லை. மருந்து தொடங்கியதும் பரவல் வேகமாகத் தணிகிறது. குடும்பத்தாரைத் தொற்று பிடிப்பது பெரும்பாலும் அதற்கு முன்பே, இன்ன நோய் என்று தெரியாமல் இருமிக்கொண்டிருந்த மாதங்களில். ஆகக் குணப்படுத்துவதற்கு வீடு தடையில்லை. தடுப்பதென்றால் வீட்டில்தான் தொடங்க வேண்டும். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து, சளிப் பரிசோதனைக்குப் போக வேண்டியிருக்கும் ஊரில் அந்த ‘முந்தைய மாதங்கள்’ எவ்வளவு நீளும் என்பதைத் தாங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் கைவைத்தால் பலன் உண்டா? ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. சென்னையின் அந்தப் பழைய மையத்தின் இன்றைய வாரிசான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் அதில் பங்கு உண்டு. காசநோயாளிகளோடு ஒரே வீட்டில் வாழும் 10,000க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினருக்கு மாதந்தோறும் ஆளுக்கு 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்தார்கள். அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. புது மருந்தோ புது தடுப்பூசியோ இல்லை, அரிசியும் பருப்பும்தான். நோயாளிக்கு மாதம் 500 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருப்பது நல்ல செய்தி. ஆனால் பக்கத்தில் படுத்திருக்கும் குழந்தையின் தட்டு அந்தக் கணக்கில் வருவதில்லை. குடும்பத்தாருக்கான உணவுப்பை கொடையாளர் கிடைத்தால்தான் உண்டு. கொடையாளர்கள் சமவெளியில் கிடைக்கிற அளவுக்கு மலையில் கிடைப்பார்களா?

வீட்டுக்குள் சூழும் புகைக்கு, எரிவாயு அடுப்பைக் கொடுத்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று சொல்ல நாங்கள் தயாரில்லை. விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நாடுகளிலும் சுமார் 3,200 கர்ப்பிணிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எரிவாயு பெற்றவர்கள் சுவாசித்த நுண்துகள் அளவு, விறகடுப்பில் சமைத்தவர்களுக்கு இருந்த 70 மைக்ரோகிராமுக்கு எதிரே 24தான். ஆனாலும் 2022இல் வந்த முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடை குறிப்பிடும்படி கூடவில்லை. ஒற்றைப் பொருளை வீட்டுக்குள் இறக்கிவிட்டு அற்புதத்துக்குக் காத்திருக்கக் கூடாது என்பது ஒரு பாடம். அந்தப் பெண்கள் எரிவாயுவையே தொடர்ந்து பயன்படுத்தியதற்குக் காரணம், சிலிண்டர் இலவசமாக, தீரத் தீர வீடு தேடி வந்தது என்பது இன்னொன்று. தமிழ்நாட்டில் 80 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வீடுகளில் தூய எரிபொருளில் சமையல் நடக்கிறது என்கிறது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. சிலிண்டரைத் தலைச்சுமையாகக் கொண்டுபோக வேண்டிய மேட்டு வீடுகள் மீதிக் கணக்கில்தான் இருக்கும்.

உண்ணிக் காய்ச்சலுக்கான அறிவுரையும் வேறொரு வீட்டுக்கானதுதான். இந்தக் காய்ச்சல் புதரில் வாழும் பொடிப்பூச்சியின் குஞ்சு கடித்து வருவது; கடித்த இடத்தில் சூடு வைத்ததுபோல் ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். நேரத்தோடு கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போதும். ‘புதர்மேல் துணி காயப்போடாதீர்கள், வீட்டை ஒட்டி விறகை அடுக்காதீர்கள்’ என்பது அறிவுரை. காப்பித் தோட்டத்து ஓரத்தில், அடுத்தவர் நிலத்தில், நாலு முழ வாசலோடு இருப்பவர் கொடிக்கம்பம் எங்கே நடுவார்? தண்ணீரிலும் இதே கதை. குழாய் வராத நாளுக்காக டிரம்மில் பிடித்து வைத்தால் கொசுப்புழு வளர்த்ததாக அபராதம் போட 1939ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் வழி இருக்கிறது. தண்ணீர் ஏன் தினமும் வரவில்லை என்று அபராதம் போட அந்த டிரம்காரருக்கு வழி இல்லை.

கலைஞரின் கனவு இல்லம் திட்டம் 3.5 லட்சம் ரூபாயில் 360 சதுர அடி வீடு தருகிறது. அதில் 300 சதுர அடி கான்கிரீட் கூரை. மிச்ச 60 சதுர அடிக்கு, தீப்பற்றாத எந்தக் கூரையையும் பயனாளி தேர்ந்துகொள்ளலாம். அந்த 60 சதுர அடி எங்களுக்கு மிக முக்கியமாகப் படுகிறது. மலையில் கட்டும் வீடுகளுக்கு அது புகைபோக்கியும் விறகுப் பரணும் கொண்ட தனி அடுப்படியாக இருக்கட்டும். படுக்கும் அறையில், கூரையை ஒட்டி, குளிர்காற்று நேராக முகத்தில் அடிக்காத உயரத்தில் காற்றுத் துளைகள் இருக்கட்டும். ஒரு பொறியாளர் அரை நாள் உட்கார்ந்தால் வரைபடம் தயார். இதற்குப் புது அரசாணைகூடத் தேவைப்படாது என்றே நினைக்கிறோம்.

பட்டா இல்லாதவர்களுக்கு இதுவும் எட்டாது. எஸ்டேட் லைன் வீடுகளில் இருப்பவர்களின் நிலை இன்னும் சிக்கல். குடியிருப்பும் குடிநீரும் கழிப்பிடமும் முதலாளியின் பொறுப்பு என்று 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொன்னது. ஆனால் 5 ஹெக்டேருக்கும் 15 தொழிலாளருக்கும் குறைந்த தோட்டங்களை அது பொதுவாகத் தொடவில்லை.

தங்களிடம் நாங்கள் கேட்பது பெரிய நிதி அல்ல. ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஊழியரும் கிராம சுகாதார செவிலியரும் ஏற்கெனவே வீடு வீடாகப் போகிறார்கள். ரத்த அழுத்தம் எழுதும் தாளிலேயே வீட்டைப் பற்றி நாலு வரி எழுதட்டும்: எத்தனை பேர் ஓர் அறையில், அடுப்பு எங்கே, தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை, பட்டா உண்டா இல்லையா. அந்தத் தாளின் நகல் வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போகட்டும். வீடு ஒதுக்கும்போது அதுவே முன்னுரிமைப் பட்டியல் ஆகட்டும். ஒன்றை மட்டும் மறக்காமல் சொல்ல வேண்டும்: அந்த நகலில் நோயின் பெயர் இருக்கக் கூடாது. காசநோய் வீடு என்று ஊருக்குத் தெரிந்தால் அந்த வீட்டுப் பெண்ணுக்கு வரன் வராது. அடுத்த முறை செவிலியருக்குக் கதவும் திறக்காது.

நவம்பர் 1 அன்று உள்ளாட்சி நாள் கிராம சபை கூடும். அதற்குள் மஞ்சக்குட்டை ஊராட்சியில் மட்டுமாவது இந்தக் கணக்கை எடுத்து முடிக்கவும், வீடுகளின் நிலையைச் சபையில் வைக்கவும், சுகாதாரத் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் அன்று ஒரே மேசையில் உட்கார்ந்து மக்களுக்குப் பதில் சொல்லவும் ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆசிரியர் குழு