2029 மே வரைக்கும்தானா?

போர் முடிந்து எத்தனை வருசம் எண்டு ஒவ்வொரு மே மாதமும் எண்ணுகிறோம். சட்டமும் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவைச் சட்டத்தின் 456ஆம் பிரிவின்படி, கொலைக்கும் தேசத்துரோகத்துக்கும் காலவரையறை இல்லை. விசேட ஏற்பாடு இல்லாத மற்றக் குற்றங்களுக்கெல்லாம் 20 வருடங்கள். பாலியல் வன்புணர்வும் ஆட்கடத்தலும் அதற்குள்தான். 2009 மேயில் நடந்தவற்றுக்கு 2029 மேயோடு கதவு பூட்டுப்படும்.

காலம் போனால் சாட்சிகளின் நினைவு மங்கிப்போகும் எண்டு சொல்வார்கள். களவு வழக்குக்கு அது நியாயம்தான். இங்கே தாமதித்தது யார்? முறைப்பாடு கொடுக்கப் போனவர்களையே துருவித் துருவி விசாரித்த அரசு, தான் இழுத்தடித்த வருசங்களையும் இந்தக் கணக்கில் சேர்க்கலாமா? பாரதூரமான குற்றங்களை அதிலிருந்து இப்பவே எடுக்கவேணும்.

"கொலைக்குத்தான் காலவரையறை இல்லையே" எண்டார் சட்டம் படிக்கிற நண்பர் ஒருவர். சரி. அப்படியெண்டால், வீதியோரக் கொட்டகையில் மகனின் படத்தோடு இருக்கிற அம்மா, வழக்கைக் காப்பாற்ற முதலில் மகன் செத்துப்போனான் எண்டு ஒப்புக்கொள்ளவேணும். அதை அவவிடம் போய் யார் கேட்பது?