வாய்ப்பூட்டு!

"தெரிந்ததையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிடாதே, தம்பி! நாளைக்கு உன் நாற்காலியில் அவன் உட்காருவான்!"

பணியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே இளைஞன் காதில் ஓதப்படும் உபதேசம் இது. ஆலையிலும் ஓதப்படுகிறது; அலுவலகத்திலும் ஓதப்படுகிறது; கணினிகள் நிறைந்த கண்ணாடி மாளிகையிலும் ஓதப்படுகிறது. இருபது ஆண்டு உழைத்துக் கற்ற தொழில் நுணுக்கம் ஒருவனது நெஞ்சுக்குள்ளேயே கிடந்து, அவன் ஓய்வு பெறும் நாளில் அவனோடு வெளியேறிவிடுகிறது.

"ஊழியர்களுக்குப் பரந்த மனம் இல்லை, எல்லாம் சுயநலம்!" என்று தீர்ப்புக் கூறுகிறார்கள், மேலிடத்தில் வீற்றிருப்போர். நாம் கேட்கிறோம்: அந்த மனத்தைக் குறுக்கியது யார்? ஒருவன் உயர வேண்டுமானால் பக்கத்து மேசைக்காரன் தாழ வேண்டும் என்று கணக்கு வகுத்தது யார்? ஐயம் கேட்டவனை, 'இதுகூடத் தெரியாதா?' என்று எள்ளி நகையாடியது யார்? தவறைச் சுட்டியவனை 'அதிகப்பிரசங்கி' என்று ஒதுக்கியது யார்? எட்டியை நட்டுவிட்டு, கனி இனிக்கவில்லையே என்று முகம் சுளிக்கிறார்கள்!

நாற்காலிக்கு அஞ்சி ஒருவன் அறிந்ததை மறைக்கிறான். மேலவருக்கு அஞ்சி மற்றொருவன் அறிந்ததை விழுங்குகிறான். இரண்டுக்கும் தாய், அச்சம். அந்த அச்சம் கேட்கும் விலை என்ன?

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள். ஸ்பெயினுக்கு உரிய கானரித் தீவுகளில், டெனெரிஃப் விமான நிலையம். ஓடுபாதையை மூடுபனி மறைத்திருந்தது. டச்சு விமானம் புறப்பட ஓடத் தொடங்கியது. அதே பாதையில் வந்த அமெரிக்க விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஐயுற்றார் விமானப் பொறியாளர், கேட்டும்விட்டார். தலைமை விமானியோ, பிற விமானிகளுக்கே பயிற்சி தரும் மூத்தவர். விலகிவிட்டது என்று அழுத்தமாக உரைத்தார். பொறியாளர் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. சில நொடிகள்! விமானங்கள் மோதின, 583 பேர் மாண்டனர். மூடுபனியும், குழம்பிய வானொலிச் செய்தியும் காரணங்களே. ஆயினும், உண்மை அந்த அறைக்குள்ளேயே இருந்தது. அதற்குப் பதவிதான் இல்லை!

விமானத்துறை பாடம் கற்றது. இளையவர் துணிந்து பேசவும், மூத்தவர் செவி சாய்க்கவும் 1980களிலிருந்து பயிற்சி தரலாயிற்று. ஜப்பானின் டொயோட்டா ஆலையில், குறை கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுக்கலாம் என்று முறை வகுத்தார்கள். இழுத்தவுடன் உதவிக்கு ஆள் வருவார். சிக்கல் தீராவிடில் உற்பத்தி வரிசையே நிற்கும். மனிதரின் குணம் மாறக் காத்திருக்கவில்லை; முறையை மாற்றினார்கள், வாய் திறந்தது!

ஆகவே, 'அறிவைப் பகிர்வீர்' என்று சுவரில் எழுதி ஒட்டும் கனவான்களே, அந்தக் காகிதத்தைக் கிழித்தெறியுங்கள். கற்பிப்பவனுக்கு வேலை உறுதி கொடுங்கள். கற்பித்ததையும் உழைப்பாக எண்ணிப் பதவி உயர்வில் சேருங்கள். கேள்வி கேட்டவனைத் தண்டிக்காதீர்கள்.

இளைஞர்களே! நம் கையும் முற்றிலும் தூயதன்று. நேற்று நம்மை ஏளனம் செய்த மூத்தவரை இன்றும் வைகிறோம். இன்று புதிதாக வந்தவன் தயங்கித் தயங்கி நம்மிடம் கேட்கும்போது, நாம் என்ன செய்கிறோம்? மேலிடம் திருந்தும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. நம் மேசையிலிருந்தே தொடங்குவோம். அறிவைப் பூட்டி வைப்பவன் நாற்காலிக்குக் காவல்காரன், அறிவாளி அல்லன்!