தொலைக்கல்வியும் மாணவர் மனப்பான்மையும்

வீட்டிலிருந்தபடியே படித்துப் பட்டம் பெறுவது நம் நாட்டுக்குப் புதிய சங்கதியல்ல. 1962-லேயே டில்லிப் பல்கலைக்கழகம் தபால் மூலம் பாடம் அனுப்பத் தொடங்கிற்று. 2002-ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் ஏற்பட்டது. அன்று தபால்காரர் கொண்டுவந்த பாடம் இன்று செல்போனிலேயே வருகின்றது. 2017-ல் இந்திய சர்க்கார் தொடங்கிய 'ஸ்வயம்' என்னும் தளத்தில் யாரும் காசில்லாமல் பாடம் கேட்கலாம். சர்டிபிகேட் வேண்டுமானால்தான் பரீட்சைக்குக் கட்டணம். இவ்வளவு வசதி ஏற்பட்டும், இக்கருவிகளைப் பற்றி நம் மாணவர்கள் கொண்டுள்ள மனப்பான்மை திருப்திகரமாயில்லை என்று வருத்தத்தோடு சொல்லுகின்றோம்.

ஒரு சாரார், "குரு எதிரில் இல்லாமல் வருவது படிப்பாகுமா?" என்கின்றார்கள். செய்முறைப் பயிற்சிக்கும் சந்தேகம் தீர்த்துக்கொள்ளவும் ஆசிரியர் வேண்டும் என்பது வாஸ்தவம்; அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குரு முகத்தால் வந்தால்தான் வித்தை என்ற பேச்சு யாருடைய பேச்சு? பாரதக் கதையில் வேடர் குலத்து ஏகலைவன் தூரத்திலிருந்தே வில் வித்தை கற்றான். ஒரு நாளும் பாடம் சொல்லிக்கொடுக்காத துரோணர் அவன் கட்டைவிரலைத் தட்சணையாக வாங்கிக்கொண்டார். இது கதை என்றால், சேரன்மாதேவி குருகுலம் கதையல்லவே! பொதுஜனங்கள் பணத்தில் நடந்த அவ்விடத்தில் பார்ப்பனப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி, மற்றப் பிள்ளைகளுக்கு வேறு பந்தி என்றிருந்ததை எதிர்த்து 1924, 1925-ல் கிளர்ச்சி செய்ய வேண்டியிருந்தது. செல்போனில் வரும் பாடம் கேட்கிறவன் ஜாதியைக் கேட்பதில்லை என்பது அற்ப லாபமா?

மற்றொரு சாராரோ இயந்திரத்தையே குருவாக்கிக்கொண்டார்கள். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது முதல், அசைன்மென்டை அதனிடமே எழுதி வாங்கி, படித்துக்கூடப் பாராமல் அனுப்புகின்றவர்கள் உண்டு. அது சில சமயம் உலகத்திலேயே இல்லாத புத்தகத்தை இருப்பதாகச் சொல்லும். தவறு நேரலாம், சரிபார்த்துக்கொள்க என்று அதை உண்டாக்கினவர்களே எழுதி வைத்திருக்கின்றார்கள். தன் மந்திரம் தப்பாயிருக்கலாம் என்று எந்தப் புரோகிதனாவது எழுதி வைத்ததுண்டா? இயந்திரத்துக்கு இருக்கும் அந்த யோக்கியதையைக்கூட மதியாமல், அது சொன்னதெல்லாம் வேதவாக்கு என்பது எப்படிப் பகுத்தறிவாகும்? இவர்களில் சிலரே ஆயுத பூஜையன்று கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டிட்டு, அன்றைக்குப் படிப்பையும் நிறுத்தி வைக்கின்றார்கள்!

நிற்க, கருவியே கைக்கு எட்டாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2017-18-ல் இந்திய சர்க்கார் எடுத்த கணக்குப்படி, கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் நகரத்தில் நூற்றுக்கு 23.4, கிராமத்தில் 4.4. இந்த நிலையில்தான் 2020-ல் கொரோனாவால் கல்லூரிகளை மூடி, எல்லோரும் வீட்டிலிருந்தே இணையத்தில் படியுங்கள் என்றார்கள். ஒரு வீட்டுக்கு ஒரே செல்போன் என்றால் அது மகன் கைக்குப் போகுமா, மகள் கைக்குப் போகுமா என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. போதாக்குறைக்கு ஸ்வயம் பாடங்களில் பெரும்பாலானவை இங்கிலீஷில் இருக்கின்றன. இப்படிப்பட்டவர்களைப் பார்த்து, "கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புதுமுறையில் நாட்டமில்லை" என்பது, சோறு போடாமல் வைத்துவிட்டு இவனுக்குப் பசியில்லை என்று சொல்லுவதற்கு ஒப்பாகும்.

ஆகவே தோழர்களே, நமது அபிப்பிராயம் இதுதான். மாணவர்கள் கருவியைக் கருவியாகவே கொள்ள வேண்டும். அது சொல்லுவதையும், ஆசிரியர் சொல்லுவதையும், நாம் எழுதும் இதையுங்கூட ஏன், எப்படி என்று கேட்டுப் பார்த்தே ஏற்க வேண்டும். சர்க்கார் பாடங்களைத் தமிழில் தர வேண்டும். நம் இயக்கத்தார், படிப்பகம் உள்ள ஒவ்வோர் ஊரிலும் ஒரு கம்ப்யூட்டரும் இணையமும் வைத்து, முதல் இடத்தைப் பெண் பிள்ளைகளுக்குக் கொடுக்க வேண்டும். ஒரு திருவிழாவின் வாணவேடிக்கைக்குக் கொளுத்தும் பணம் இதற்குத் தாராளமாய்ப் போதும்.