சருகும் செல்வமே

கோடையில் குந்தாரப்பள்ளியைக் கடப்போர், குன்றுகளில் இலையின்றி நிற்கும் மரங்களைக் கண்டு, காடு பட்டுவிட்டதென வருந்துவர். உண்மையில் அவை நீரைச் சேமிக்கவே இலையுதிர்க்கின்றன. 2022-இல் அறிவிக்கப்பெற்ற காவிரி தெற்கு வனவிலங்குச் சரணாலயத்திலும் இத்தகைய இலையுதிர் காடுகள் உள்ளன.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உண்டு வளர்கிறது. உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமமே. உதிர்ந்த சருகைக் கறையானும் பூஞ்சையும் மட்கச் செய்கின்றன. அப்போது கரிமத்தின் ஒரு பகுதி காற்றுக்குத் திரும்பினும், எஞ்சியது மண்ணில் தங்கி வளமூட்டும். தீயிட்டாலோ பெரும்பகுதி உடனே புகையாகும், மண்ணும் வறிதாகும்.

காட்டுத்தீயைக் கடிந்துரைக்கும் நாமே நம் கல்லூரி வளாகத்துச் சருகைக் கூட்டி எரிக்கின்றோம். மரம் நடுதல் தருமம் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்த மார்க்கம் நம்முடையது. நட்ட மரம் தந்ததை நெருப்புக்கு ஈயலாமா? மாணவச் செல்வங்களே, இவ்வாண்டே வளாகத்தில் ஒரு மட்குக்குழி தோண்டுவோமாக!