வேலிக்கு ஓணான் சான்று!

தில்லிக் குடிநீர் வழங்கலை ஆராய்ந்து அறிவுரை கூற ஒரு குழுமத்தைத் தேடினர். முதற்சுற்றில் தேறவேண்டியவை ஆறே. பத்தாமிடத்தில் நின்ற பன்னாட்டுக் குழுமமோ, கடன்தர முன்வந்த உலக வங்கியின் தலையீட்டால், முடிவில் அப்பணியையே பெற்றது! அறியும் உரிமைச் சட்டத்தின்வழிப் 'பரிவர்த்தன்' அமைப்பு பெற்ற ஆவணங்கள் 2005-இல் இதனை வெளிப்படுத்தின. அவ்வாண்டே தில்லி அரசு தன் கடன் வேண்டுகையைத் திரும்பப் பெற்றது.

கடன் கொடுப்பவனே அறிவுரைஞனையும் பொறுக்கி எடுத்தால், 'கடன் வேண்டா' என்று அவ்வறிவுரைஞன் சொல்வானோ? கடனை அடைப்பவரோ மக்கள்!

எனவே, ஆய்வாளரைத் தேர்ந்த முறை, அவர் பெறவிருக்கும் ஊதியம், பிறரோடு அவர்க்குள்ள தொடர்பு ஆகிய மூன்றையும் உடன்படிக்கைக்கு முன்பே அரசுகள் வெளியிடல் வேண்டும். கேட்பது மக்கள் உரிமை. மறைப்பது ஆள்வோர் குற்றம்!