தேன்பெட்டியும் பெயர்ப் பட்டியலும்



ஞாயிறு திருப்பலியின் முடிவில், இறுதி ஆசீருக்கு முன்னால், பங்குத்தந்தை அறிவிப்புகளை வாசிக்கும் நேரத்தை நீங்கள் அறிவீர்கள். திருமண ஓலைகள் மூன்று, அன்பியக் கூட்டம் இன்னார் வீட்டில், கல்லறைத் தோட்டம் துப்புரவு செய்ய வாலிபர்கள் வரவும் என ஒவ்வொன்றாக வரும். கைக்குழந்தைகள் சிணுங்கும், பின்வரிசை ஆடவர் ஏற்கெனவே வாசலில் நிற்பர். சில ஆண்டுகளுக்கு முன் அந்த வரிசையில் நானும் ஓர் அறிவிப்பு வாசித்தேன். தேனீ வளர்ப்புப் பயிற்சி ஐந்து நாள், காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை, நம் பங்கிலிருந்து பத்துப் பேர் கலந்துகொள்ளலாம் என்பதே அது. மறு ஞாயிறு பத்துப் பெயர்களையும் வாசித்தேன். பத்தும் ஆண்களின் பெயர்கள். அந்தப் பட்டியல் தவறான பட்டியல் என்பதை உணர எனக்கு ஒன்றரை ஆண்டு பிடித்தது. அதனைக் கூறுமுன், இக்கல்வி நம் மாவட்டத்திற்கு வந்த வரலாற்றைச் சற்றே நினைவுகூர்தல் நலம்.

மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் தேன் எடுப்பது நம்மவர்க்குப் புதிதன்று. கூட்டுக்குப் புகையிட்டு, அடையைக் கிழித்து, புழுவும் மெழுகும் தேனுமாகச் சேர்த்துப் பிழிவது பழைய முறை. தேன் கிடைக்கும், தேனீக் குடும்பம் அழியும். மேலைநாட்டார் கண்ட சட்டப் பெட்டியோ அந்நாட்டுத் தேனீயின் அளவுக்குச் செய்யப்பட்டது. நம் நாட்டுத் தேனீ உருவில் சிறியது. 1910-ஆம் ஆண்டளவில் தென்னிந்தியாவில் பணியாற்றிய அருள்தந்தை நியூட்டன் என்பவர் நம் தேனீயின் போக்கை உற்றுநோக்கி, அதற்கேற்ற சிறு பெட்டியொன்றை வகுத்தார். இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. பெட்டியைச் செய்ததைவிட அதன்பின் அவர் செய்ததுதான் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. 1911 முதல் 1917 வரை பலருக்கு அவரே முன்னின்று பயிற்சி அளித்தார். குருவானவர் ஒருவர் சட்டத்தைக் கையில் தூக்கிப் பிடித்து இராணித் தேனீயைச் சுட்டிக்காட்டும் காட்சியை எண்ணிப் பார்க்கிறேன். நானோ குருமடத்தில் நீதிமொழிகள் நூலைப் படித்தபோது, சோம்பேறியை எறும்பிடம் அனுப்பும் பகுதியில் கிரேக்க மொழிபெயர்ப்பு தேனீயையும் சேர்த்திருக்கிறது என்று மனப்பாடம் செய்து, தேர்விலும் எழுதினேன். தேனீ கொட்டினால் கொடுக்கைக் கிள்ளி எடுக்கலாகாது, நகத்தால் வழித்துத் தள்ளவேண்டும் என்பதை ஐம்பது வயதுக்குமேல்தான் கற்றேன். அதுவும் கொட்டு வாங்கிய பிறகு.

நிற்க. 1920-களில், அந்நாளில் திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்த மார்த்தாண்டத்தில், ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றை நடத்தினர். அதனை வழிநடத்தியவர் ஸ்பென்சர் ஹேட்ச் என்னும் அமெரிக்கர். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் நன்றியோடு நினைக்கப்படவேண்டியவர். பனையேறிகளும் குறுநிலக்காரரும் நிறைந்த பகுதி அது. அவர்களிடம் பெரும் முதல் கேட்கும் எந்தத் தொழிலையும் அவர் கொண்டுவரவில்லை. நல்ல இனச் சேவலைக் கொடுத்து நாட்டுக்கோழியைத் திருத்தினார். முட்டையைக் கூட்டாக விற்கச் செய்தார். தேன்பெட்டியை வீட்டு முற்றத்தில் வைக்கச் செய்தார். அறிவுரை கூற ஆள் அருகில் இருக்கவேண்டும், வேலையைச் செய்வது குடியானவரே ஆகவேண்டும் என்பது அவர் கொண்ட நெறி. ஊர்ப்பணி செய்ய விரும்பும் பிற பகுதியினரும் மார்த்தாண்டத்துக்கு வந்து செய்முறையாகக் கற்றுச் சென்றனர். தம் அனுபவங்களை 1932-இல் நூலாகவும் வெளியிட்டார். மார்த்தாண்டம் பெட்டி என்றே ஒரு பெட்டி பெயர் பெற்றது. 1937-இல் தேனீ வளர்ப்போர் தமக்கெனக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். மார்த்தாண்டம் தேனுக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது நாளிதழ்கள் பாராட்டின. அந்தப் புகழுக்கு அடியில் கிடப்பது நூறு ஆண்டுகளாக ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறிவந்த கல்வி.

இத்தொழிலின் சிறப்பை நன்கு கவனியுங்கள். தேனீ வளர்க்க நிலம் வேண்டியதில்லை. நம் மேற்குப் பகுதியில் மார்கழி வாக்கில் இரப்பர் மரம் இலையுதிர்த்துத் தையிலும் மாசியிலும் தளிர்விடும். அப்போது தேனீ நாடுவது பூவையன்று. இரப்பர் இலையின் காம்பில் மூன்று சிற்றிலைகள் கூடும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. இளந்தளிரில் அவை இனிய நீரைச் சுரக்கின்றன. தோட்டம் யாருடையதாயினும், உரியவர் இசைந்தால் அதன் நிழலில் பெட்டி வைத்துத் தேன் எடுக்கலாம். அச்சுரப்பியில் மகரந்தம் கிடையாது. புழுக்களை வளர்க்க மகரந்தம் வேண்டும். அதற்கு ஆண்டு முழுதும் பாளை விரியும் தென்னை அண்மையில் இருத்தல் நன்று. ஏக்கர் கணக்கில் இரப்பரும் தென்னையும் உடையவர் செல்வர். ஐந்து பெட்டி உடையவர், ஒரு சென்டு நிலமும் இல்லாதவராயினும், அந்தத் தளிரின் பலனில் பங்கு பெறுகிறார். வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தை எனக்கு இது நினைவூட்டுகிறது.

ஆனால் நிலம் கேளாத இத்தொழில் வேறொன்றைக் கேட்கிறது: கவனம். ஆனி, ஆடி மாதங்களில் மழை அடைத்துப் பெய்யும்போது தேனீக்கு வெளியில் இரை இல்லை. சர்க்கரைப் பாகு காய்ச்சி, ஆறவைத்து, பெட்டிக்குள் வைக்கவேண்டும். பெட்டியின் கால்களை நீர்க்கிண்ணத்தில் நிறுத்தாவிடில் எறும்பு ஏறும். மெழுகுப் பூச்சி அடையை அரிக்கும். ஐப்பசி முதல் குடும்பத்தைப் பிரித்துப் பெருக்கவேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஒருநாள் காலையில் பெட்டி வெறுமையாகக் கிடக்கும். தேனீக்கள் சொல்லாமல் போய்விட்டிருக்கும்.

1991, 1992-ஆம் ஆண்டுகளை இப்பகுதியின் மூத்த வளர்ப்போர் இன்றும் மறக்கவில்லை. தாய்லாந்தின் பெயரால் வழங்கும் பைப்புழு நோய் தென்னாட்டுத் தேனீக்களைத் தாக்கியது. புழு கூட்டுப்புழுவாக மாறுமுன், நீர் நிறைந்த பை போலாகிச் செத்து, தலை நிமிர்ந்த சிறு தோணிபோல் அறையில் கிடக்கும். நுண்ணுயிர் நச்சினால் வரும் இந்நோய்க்கு மருந்து இல்லை. வரிசை வரிசையாகப் பெட்டிகள் காலியாயின. பலர் தொழிலையே விட்டனர். மீண்டது எவ்வாறு? நோய்க்குத் தப்பிய சில குடும்பங்களை அடையாளம் கண்டு, அவற்றையே பிரித்துப் பெருக்கினார்கள். எது தப்பியது என்பதை அறிய ஒவ்வொரு பெட்டியையும் திறந்து பார்க்கும் பழக்கம் உடையவர் வேண்டும் அன்றோ! அந்தப் பழக்கம் உள்ளவர்களிடமிருந்தே தொழில் மறுபடியும் துளிர்த்தது.

இனி என் பட்டியலுக்கு வருகிறேன்.

பத்துப் பேரும் பயிற்சிக்குச் சென்றார்கள். சான்றிதழ் பெற்றார்கள். ஆளுக்கு இரண்டு மூன்று பெட்டிகள் வந்தன. நான் பெருமையோடு பங்குப் பேரவையில் அறிக்கையும் வாசித்தேன். அடுத்த ஆண்டு ஆடி மாதம், நோயுற்ற முதியவர் ஒருவருக்கு நற்கருணை கொண்டுசென்று திரும்பும் வழியில், அவ்வீட்டின் பின்புறத்தில் மூன்று பெட்டிகள் மூடி சாய்ந்து கிடக்கக் கண்டேன். வீட்டுக்காரர் கேரளத்தில் கட்டட வேலைக்குச் சென்றிருந்தார். அவர் மனைவியிடம் விசாரித்தேன். குற்றம் சாட்டும் குரலில் அன்று, நடந்ததை நடந்தபடி சொல்லும் குரலில் அந்த அம்மாள் கூறியது இது: "பிள்ளையளுக்க அப்பா தான் சாமி படிச்சிட்டு வந்தாவ. பெட்டியப் பாக்கிறது நான்லா. மழைக்குப் பாகு வைக்கணும்னு எனக்கு ஆரும் சொல்லல்ல. ஒருநாள் காலம்ப்ற பாத்தா ஒண்ணையும் காணல்ல."

அன்று மாலை மற்ற ஒன்பது வீடுகளையும் எண்ணிப் பார்த்தேன்; மறுநாள் நடந்தும் பார்த்தேன். நான்கு வீடுகளில் கதை ஏறத்தாழ இதுவே. பெட்டி இருப்பது வீட்டோரம். வீட்டோரத்தில் பகல் முழுதும் இருப்பது பெண். கோழிக்கும் பசுவுக்கும் அவளே காவல். விடியுமுன் பால்வெட்டுக்கும் கொத்து வேலைக்கும் போகிற ஆண்களின் பெயரை நான் பீடத்தருகே நின்று வாசித்தேன். பெயர் கொடுத்தவர்கள் மீது பழி போடுவதற்கில்லை. காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை ஐந்து நாள் என்று அறிவிப்பில் இருந்தபோதே, சமைத்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, பசுவுக்குப் புல் அறுக்கும் எந்தப் பெண்ணும் வரமுடியாது என்பது வெளிப்படை. அதை நான் காணவில்லை. அறிவிப்பைத் தெளிவாக வாசித்தேன் என்பதோடு என் கடமை தீர்ந்ததென்று இருந்துவிட்டேன்.

வானொலியில் கேட்டும் கற்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. 1960-களில் தஞ்சைப் பகுதி உழவர்கள் திருச்சி வானொலியின் பண்ணை நிகழ்ச்சிகளைக் கேட்டு ஏ.டி.டி. 27 நெல்லைப் பயிரிட்டு, அதற்கு ரேடியோ நெல் என்றே பெயரும் வைத்தனர். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபர் 30-இல் நம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. காதால் கேட்டு விதையை மாற்றலாம். நெல் கொட்டாது. மொய்க்கும் தேனீக்குள் வெறுங்கையை விடும் துணிவு மட்டும், பக்கத்தில் ஒருவர் நின்று செய்து காட்டினால் அன்றி வருவதில்லை.

எனவே மறுமுறை பயிற்சியாளரை அணுகி, பங்கு மண்டபத்துக்கே வந்து நடத்தித் தரமுடியுமா எனக் கேட்டேன். காலை பத்தரை முதல் பிற்பகல் இரண்டரை வரை, பள்ளி விடுமுன் முடியும்படியாக, வாரம் ஒருநாள் வீதம் ஆறு வாரம். அவர் தயங்காமல் இசைந்தார். பதினாறு பெண்கள் வந்தார்கள். இதனால் எல்லாம் செழித்தது என்று எழுத ஆசைதான், உண்மை அவ்வாறில்லை. ஒருவருக்குக் கொட்டியவுடன் உடல் முழுதும் தடித்து மூச்சு முட்டியது. மருத்துவமனைக்கு எடுத்துச் சென்றோம். அவர் மறுபடி வரவில்லை, வரவும் கூடாது. இருவரின் கணவர்மார் வேண்டாம் என்றனர். சிலருக்குப் பெட்டி வாங்க வழியில்லை. மானியப் படிவத்தில் நில ஆவணம் கேட்கப்படும் இடங்களில், நிலமே வேண்டாத இத்தொழிலுக்கும் நிலமில்லாதவரின் பெயர் முதலிலேயே உதிர்ந்துவிடுகிறது. இன்று ஏழு பேர் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆடி மாதத்தில் ஒருவர் வீட்டில் காய்ச்சும் பாகு மற்றவர் வீட்டுக்கும் போகிறது.

கற்க விரும்புவோர்க்கு நம் மாவட்டத்தில் இடங்கள் உண்டு. 1974-இல் நாட்டிலேயே முதலாவதாகப் புதுச்சேரியில் தோன்றிய வேளாண்மை அறிவியல் நிலையங்களின் வரிசையில் ஒன்று திருப்பதிசாரத்தில் இயங்குகிறது, டி.பி.எஸ். எனத் தொடங்கும் நெல் இரகங்களைத் தந்த ஆராய்ச்சி நிலையமும் அங்கேயே உள்ளது. பேச்சிப்பாறையில் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் உண்டு. இரப்பர் வாரியம் பால்வெட்டுக்குப் பயிற்சி தருகிறது. சகோதரக் குருக்களுக்கு ஒரு வேண்டுகோள்: இங்கிருந்து அறிவிப்பு வந்தால் வாசிக்குமுன் நேரத்தைப் பாருங்கள், அந்த வேலையை வீட்டில் யார் செய்கிறார் என்று ஓர் அன்பியக் கூட்டத்தில் கேளுங்கள், நேரம் ஒவ்வாதெனில் நிலையத்தாரோடு பேசுங்கள். நம் மண்டபம் ஞாயிறு தவிர ஏனைய நாட்களில் பெரும்பாலும் பூட்டியே கிடக்கிறது.

தேனீ வளர்ப்போரின் பாதுகாவலரான புனித அம்புரோசியாரின் திருநாள் டிசம்பர் 7. தேன் காலம் தொடங்குமுன் வரும் அந்நாளில் பெட்டிகளை மந்திரித்து வருகிறோம். சென்ற ஆண்டு, மூன்று பெட்டிகளையும் இழந்த அந்த அம்மாளின் முற்றத்தில் ஒன்பது பெட்டிகள் இருந்தன. இவ்வாண்டு குடும்பங்களைப் பிரித்ததும் முற்றத்தில் இடம் போதாதாம். கல்லறைத் தோட்டத்துத் தென்னைகளின் கீழ் ஐந்து பெட்டி வைக்க அனுமதி கேட்டிருக்கிறார். அடக்கத்துக்கு வருவோரைக் கொட்டினால் யார் பொறுப்பு, திருவிழா வேட்டுக்குத் தேனீ மிரண்டால் என்ன செய்வது எனப் பங்குப் பேரவையில் இருவர் எதிர்க்கிறார்கள். கூட்டம் வரும் வியாழக்கிழமை. வேட்டுச் சத்தத்தைப் பற்றி அந்த அம்மாளிடமே கேட்டு அறிந்துகொண்டுதான் நான் கூட்டத்துக்குப் போகவேண்டும்.